மூன்றாவதாக நடப்பவள்

மெதுவா வாசி என்று மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் எப்படியாவது தப்பித்திருக்கலாம். வினோலியா பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். தேர்வு ஹாலில் பேனாக்கள் ஓடுகிற சத்தமும், மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகுகிற சத்தமும்தான். உட்காரக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது, போனை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். மேற்பார்வை என்பது மனுஷியை அவள் மண்டைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை வெளியே கொண்டுபோய்விடுகிற வேலை. தேர்வு முடிந்ததும் டீன் ஃபாதர் இருதயநாதனின் அறைக்குப் போய் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். பார்த்தேன், இல்லாவிட்டால் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று. காலையில் ஃபாதர் கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் ஒண்ணும் அந்தக் காலத்து ஆள் இல்லம்மா. எல்லாரையும் அணைச்சுக்கிற வகுப்பறைன்னு போன வருஷம் பட்டறை நடத்துனதே நான்தான், ஞாபகம் இருக்கா? மத்தியானம் பிரியாணி கூடப் போட்டோம். ஆனா மன்றாட்டுல கொண்டாந்து வச்சா எப்படி? பிள்ளைங்க வீட்லேர்ந்து போன் மேல போன். நீங்க அதைப் பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிருங்க, முடிஞ்சு போச்சு. அந்தப் பிள்ளையோட அப்பாவை வரச் சொல்லிப் பேசிக்கிடலாம். பாத்துட்டுத்தான் விட்டீங்கன்னா, அது வேற." வேற என்ற வார்த்தையோடு மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். அவளை மே மாதத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பது போல. அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. மே மாதம் கமிட்டி கூடும், நீட்டிப்பார்கள், அல்லது நன்றி சொல்லி ஒரு சால்வை போடுவார்கள்.

பார்த்தாளா? அதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்தக் கல்லூரியில் எல்லா வகுப்பும் காலை முதல் மணியில் செபத்தோடுதான் தொடங்கும். முறை வருகிற பிள்ளை ஒரு மன்றாட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும், மழைக்காக, தேர்வுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக. வகுப்பாசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகு வாசிக்கும். ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம் என்று அது நிறுத்தினதும், இந்துப் பிள்ளைகள் முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று முடிப்பார்கள். யாரும் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. பாதிப் பேர் அப்போதுதான் பையைத் துழாவிக்கொண்டிருப்பார்கள், வாய் தானாகச் சொல்லிவிடும். செவ்வாய்க்கிழமை அன்சிலாவின் முறை. பெண்ணை நேசிக்கிற பெண்களுக்காகவும் ஆணை நேசிக்கிற ஆண்களுக்காகவும், பிறந்த உடம்போடு ஒத்துப்போக முடியாமல் தவிக்கிறவர்களுக்காகவும் அவள் வாசித்தாள். நிறுத்தினாள். மொத்த வகுப்பும் ஒரே குரலாகக் கேட்டருளும் என்றது. கணீரென்று, கூரையில் இருந்த புறா ஒன்று படபடத்து இடம் மாறுகிற அளவுக்கு. அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது போல ஒரு அமைதி. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், "லேய், இப்ப என்னத்துக்குலே கேட்டருளும் சொன்னோம்?" என்றான். சிரிப்பு. அவளுக்கும் அந்த நிமிஷம் சிரிப்பு வந்தது. சாயங்காலமே ஒரு தாயார் போனில் டீனைப் பிடித்துவிட்டார். எங்க பையனை எதுக்கெல்லாம் செபம் சொல்ல வைக்கிறீங்க என்று. அவன் சொன்னது உண்மைதானே. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது என்பதுதானே அவர்களுக்கு ஆத்திரம். அவன் அம்மாவிடம் போய், அம்மா நானும் சொல்லிட்டேன், இப்ப எனக்கு ஏதாவது ஆயிருமா என்று கேட்டிருப்பானோ. கேட்டிருப்பான். இருபது வயதில் பிள்ளைகள் வெளியேதான் மீசை, உள்ளே இன்னும் அப்படித்தான்.

ஆனால் பார்த்தாளா? செவ்வாய்க்கிழமை காலை. கைப்பிள்ளை மிரியத்துக்கு முந்தின நாள் தடுப்பூசி போட்டதில் ராத்திரி முழுக்கக் காய்ச்சல், கண் எரிந்தது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் மாரில் பால் கட்டிக்கொண்டு, படியேறும்போதே பிளவுஸ் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். வராண்டாவில் அன்சிலா ஒரு தாளை நீட்டினாள். அந்த நிலைமையில் ஒருத்தி எதைப் பார்த்திருக்க முடியும்? கண்ணை ஓட்டினாள், அவ்வளவுதான். கண்ணை ஓட்டுவதும் பார்ப்பதும் ஒன்றா? இல்லை ஃபாதர், பிள்ளைக்குச் சுகமில்லை, அவசரத்தில் இருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை. இதில் எந்த வார்த்தையும் பொய் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினாலும் பொய் இல்லை. காய்ச்சல் உண்மை, அவசரம் உண்மை, நனைந்தது உண்மை. அவளுக்கு ஒரு நிமிஷம் மூச்சு லேசானது. ஜன்னல் வரைக்கும் லேசாக நடந்தாள். ஜன்னலில் முட்டிக்கொண்டது போல அது திரும்பவும் வந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் சொன்னாள், நல்லாருக்கு, மெதுவா வாசி. பார்க்காதவள் எப்படி மெதுவா வாசி என்று சொல்வாள்? மழைக்கான மன்றாட்டுக்கு யாரும் மெதுவா வாசி என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் விழ வேண்டும் என்று நினைக்கிறவள்தான் சொல்வாள். அன்சிலா அதை அப்படியே செய்தாள். மெதுவாக வாசித்தாள். வேகமாக வாசித்திருந்தால் ஒருத்தருக்கும் காதில் விழுந்திருக்காது, எல்லா மன்றாட்டையும் போல அதுவும் காற்றோடு போயிருக்கும், இந்தத் தேர்வு ஹாலில் அவள் வேறு எதையாவது, மிரியத்தின் முதல் பல்லைப் பற்றி, யோசித்துக்கொண்டிருப்பாள்.

வாசலில் நிழல். டார்வின் சார் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்றார். வணிகவியல் துறை. இன்று ஒவ்வொரு ஹாலாகப் போய் மேற்பார்வையாளர்களைப் பத்து நிமிஷம் மாற்றிவிடுகிற வேலை அவருக்கு. "போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க மேடம்" என்று சொன்னவர், அவள் வேண்டாம் என்றதும் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "என்ன, உங்க வகுப்புல புது மன்றாட்டுப் பிரார்த்தனையெல்லாம் ஓடுதாமே? எங்க டிபார்ட்மெண்ட்ல பேசிக்கிட்டாங்க, அடுத்து அந்த மாதிரி கல்யாணம் கட்டிக்கிறவங்களுக்கு ஒம்பது நாள் நோவேனா செபமும் ஆரம்பிக்கப் போறாங்கன்னு." வினோலியா சிரித்துவைத்தாள். சிரிக்காமல் இருக்கத் தெரியாது அவளுக்கு, கான்வென்டில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு மேடம், அந்தப் புள்ளைக என்னவோ படிக்குது, போகுது. நமக்குக் குடும்பம் இருக்குல்லா?" அவர் போய்விட்டார். நமக்குக் குடும்பம் இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்று நினைக்கிறார் போல. அவருக்குத் தெரியாது, இவள் வகுப்பில் ஜூன் மாதத்திலிருந்தே எதுவும் ஒழுங்காக இல்லை. ஆண்கள் இடப்பக்கம் பெண்கள் வலப்பக்கம் என்று கோயிலில் உட்காருவது போல இருந்ததை, எங்க வேணும்னாலும் உட்காருங்க என்று அவள்தான் சொன்னாள். ஒரு மாதம் ஒருத்தரும் அசையவில்லை. அப்புறம் ஒரு நாள், சாந்தமான ஒரு பையன், எல்லாரும் பொம்பள என்று கேலி செய்கிறவன், எழுந்து போய்ப் பெண்களோடு உட்கார்ந்தான். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு அவள் கட்டுரைப் பாடத்தை எப்படி நடத்தினாள் என்றே நினைவில்லை. அதற்கப்புறம் வந்த வகுப்புகளில், யாருக்குக் கல்யாணம், யாரோடு கல்யாணம் என்று பாடப் புத்தகம் கொடுத்த உதாரணங்களை எல்லாம் மாற்றிப் போட்டாள். துணிச்சலா அது? இல்லை. அவள் தெருநாய்க்குப் பயந்து ரோட்டை மாற்றிக் கடக்கிறவள். யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு பெஞ்சைப் பார்த்தால் அவளுக்கு மூச்சு முட்டும், சின்ன வயதிலிருந்தே. அந்தப் பயத்துக்குப் பதில் இந்தப் பயம் பரவாயில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

சின்ன வயதிலிருந்தே. மலைமேல் இருந்த கான்வென்ட் ஹாஸ்டல், சாயங்காலம் மாதா சொரூபம் வைத்த கெபியைச் சுற்றி நடக்கவிடும் நேரம். சிஸ்டர் கொன்சாகா கைதட்டுவார். "ரெண்டு பேரா சேந்து திரியக் கூடாது. ரெண்டு பேருக்கு நடுவுல சாத்தான் வந்து நிப்பான். மூணு பேரா போங்க, திரித்துவம் மாதிரி." எல்லாரும் மூன்று மூன்றாகப் பிரிவார்கள். தெக்லாவும் புனிதாவும் எப்போதும் ஒன்றாகத்தான் இருப்பார்கள், அவர்களோடு போக யாருக்கும் இஷ்டமில்லை, ஆகவே வினோலியா. ஏன் வினோலியா? அவள் தனியாக நின்றுகொண்டிருந்ததால். எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு வருஷம் அவள்தான் அவர்களுக்கு மூன்றாவது ஆள். அவர்கள் முன்னால் போவார்கள், அவள் ஒரு அடி பின்னால், பாதையில் உதிர்ந்து கிடக்கும் யூகலிப்டஸ் காய்களை ஷூவால் தட்டிக்கொண்டே. அவர்கள் இரண்டு பேரின் சுண்டுவிரலும் பாவாடை மடிப்புக்குள் கோத்திருக்கும். அவளுக்குத் தெரியும். சில சமயம் தெக்லா திரும்பி, "என்ன வினோ, வா, பக்கத்துல வா" என்பாள், அன்பாகத்தான். அவள் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிடும். போகாமல் இருந்தால்தான் அவர்களுக்குச் சுகம் என்று தெரிந்து அவள் பின்னாலேயே இருந்தாள். ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்து இன்னும் பின்தங்குவாள். யாராவது வந்தால் இருமுவாள். யாரும் அவளிடம் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை சிஸ்டர் கூப்பிட்டு, "ரெண்டும் என்ன பேசிக்குதுங்க?" என்று கேட்பார். "கணக்குப் பத்தி சிஸ்டர்" என்பாள். ஒவ்வொரு சனியும் கணக்கு. சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டி ஒரு அச்சுவெல்லத் துண்டு கொடுப்பார். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது தெக்லாவின் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. அவளுக்கு அம்மை போட்டிருக்கு, வர மாட்டா என்றார்கள். அன்றிலிருந்து தினமும் காலைச் செபத்தில் ஒரு மன்றாட்டு, சுகமில்லாத எங்கள் சகோதரி தெக்லாவுக்காக. எல்லாரும் கேட்டருளும் என்றார்கள். புனிதாவும் சொன்னாள். புனிதா அதைச் சொல்லும்போது அவள் வாயையே வினோலியா பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த அம்மை இத்தனை மாதம் போடும்? ஈஸ்டருக்கு முந்தின நோன்பு தொடங்கினபோது அந்த மன்றாட்டை நிறுத்திவிட்டார்கள். செத்துப்போனால்கூட ஒரு பூசை வைப்பார்கள். சாயங்காலம் கெபியைச் சுற்றி நடக்கும்போது புனிதாவோடு போகலாம் என்று அவள் போய் நின்றாள். புனிதா, "இப்ப ரெண்டு பேராத்தான இருக்கோம், போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் கேலி இருந்ததா, அழுகை இருந்ததா? இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரலை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.

"மிஸ், அடிஷனல்." ஜன்னலோர பெஞ்சில் கை ஒன்று எழுந்தது. அன்சிலாதான். வேறு யாராவது கேட்டிருக்கக் கூடாதா? கூடுதல் தாளையும் அதைக் கட்ட வெள்ளை நூலையும் எடுத்துக்கொண்டு வினோலியா போனாள். பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. நெற்றியில் வியர்வை, விரல்களில் நீல மை, பின்னால் இழுத்துக் கட்டிய முடி. எழுதுகிற வேகத்தில் ஒன்றுமே நடக்காதது போலிருந்தது. ஒரு வேளை பயத்தில்தான் இத்தனை வேகமோ. அப்பா கோயில்பிள்ளை, கடற்கரை ஊர் ஒன்றில் மணியடிக்கிறவர், பூசைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். நூலகப் படிக்கட்டில் அன்சிலா ஒருநாள் தானாகவே சொன்னாள். யாரைப் பிடித்திருக்கிறது என்று பெயர் சொல்லவில்லை, அவள் என்று மட்டும் சொன்னாள். "அப்பா அடிக்கவெல்லாம் மாட்டாரு மிஸ். நல்லவரு. அதான் பயம். அழுவாரு. அழுதுக்கிட்டே படிப்ப நிறுத்திட்டு அத்தை மகனுக்குப் பேசி முடிச்சிருவாரு. எங்க கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்கல்லா, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருக்கிறவங்க சொல்லுங்கன்னு. அப்பாவே மணியடிச்சு, அப்பா முன்னாலயே வாசிப்பாங்க. மூணாவது ஓலை வாசிச்சிட்டா முடிஞ்சிது மிஸ். தடை இருக்குன்னு யாரு சொல்லுவா? நான் சொன்னா எடுபடுமா?" அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வினோலியா என்ன பதில் சொன்னாள்? அன்சிலாவின் தோளில் ஒட்டியிருந்த ஒரு வேப்பம்பூவை எடுத்துப் போட்டாள். ஒரு ஆசிரியை செய்யக்கூடியது அதுதானா என்று ராத்திரி நினைத்தாள். டீன் ஃபாதர் நல்லவர்தான், அன்சிலாவின் அப்பாவும் நல்லவர், சிஸ்டர் கொன்சாகா கூட அச்சுவெல்லம் கொடுத்தவர். நல்லவர்கள் நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசிக்கிடலாம் என்றால் பிறகு ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்ட வேண்டியதுதான். "மிஸ், நூலு," என்றாள் அன்சிலா மெதுவாக. நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கொடுத்தாள். அன்சிலா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். மன்னிச்சிருங்க மிஸ் என்று கேட்கிற மாதிரியும் இருந்தது, கைவிட்டுறாதீங்க மிஸ் என்று கேட்கிற மாதிரியும் இருந்தது. இரண்டையும் அவளே கற்பித்துக்கொள்கிறாள், பிள்ளை வெறுமனே கடிகாரத்தைப் பார்த்திருக்கும்.

மார் கடுக்க ஆரம்பித்தது. இந்நேரம் மிரியம் முழித்திருப்பாள். மாமி பாட்டிலில் பால் கொடுக்கப் பார்ப்பாள், அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் துப்புவாள். "ஏளா, உன் மவ பாட்டிலக் கண்டாப் பேயக் கண்ட மாதிரில்லா அலறுதா" என்று மாமி நேற்றும் சொன்னாள். சொன்னதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் குத்தல். வேலைக்குப் போகிற தாய்க்கு இது இரண்டும் கிடைக்கும். கணவன் ஜெர்வின் மஸ்கட்டிலிருந்து போன் செய்தால் முதலில் பிள்ளையைக் காட்டு என்பான், அப்புறம் அம்மாட்ட குடு என்பான். நடுவில் இவளிடம், சாப்டியா. முந்தாநாள் மன்றாட்டு விஷயத்தை மெல்ல எடுத்தாள். "உனக்கெதுக்கு வினோ வேண்டாத வேல? போனமா, பாடம் எடுத்தமா, வந்தமான்னு இருக்கணும்" என்றான். அவன் சொன்னது தப்பென்று அவளுக்குத் தோன்றவில்லை. அதைவிட மோசம், அவனோடு சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. போனை மாமியிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகனும் அந்தப் பக்கத்து அறையில் ஊர்க்கதை பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அங்கேயும் அவள் மூன்றாவது ஆள்தான். ஒரு அடி பின்னால். மிரியம் மட்டும்தான் அவளை இரண்டாவது ஆளாக வைத்திருக்கிறாள், அதுவும் பால் இருக்கிற வரைக்கும். அப்புறம்? வளருவாள். எட்டாம் வகுப்பு வருவாள். யாரோடோ சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நடப்பாள். அது யாராக இருந்தால் என்ன. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், அவளே தன்னை வேறொன்றாகச் சொன்னாலும், அதில் இவளுக்குப் பயம் வரவில்லை, நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. பயம் வேறு. மிரியம் ஒரு நாள் ஏதோ ஒரு வராண்டாவில் ஒரு தாளை நீட்டுவாள், அதைப் பார்த்த யாரோ ஒருத்தி சாயங்காலம் ஒரு அறையில் உட்கார்ந்து, இல்லை ஃபாதர், நான் பார்க்கவில்லை, என் பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லுவாள். என் பிள்ளை. வினோலியாவுக்குக் கால் நின்றுவிட்டது. பயந்தது போலவே பால் இறங்கிவிட்டது. ஊசி குத்துகிற மாதிரி, அப்புறம் வெதுவெதுப்பாக. உள்ளே மடித்து வைத்த கைக்குட்டை எவ்வளவு தாங்கும்? முந்தானையை இரண்டு சுற்றாகப் போர்த்திக்கொண்டு கைகளை மார்பின் குறுக்கே கட்டினாள். பிள்ளைகளின் கண்ணுக்கு மேற்பார்வையாளர் கண்டிப்பாக நிற்பதாகத் தெரியும். தெரியட்டும்.

மணி அடித்தது. நிறுத்துங்க, பேனாவைக் கீழ வைங்க. தாள்களை வாங்கிக்கொண்டே போனாள். அன்சிலா கடைசியில்தான் எழுந்தாள். வாசல் பக்கம் போனவள் திரும்பி வந்தாள். "மிஸ், டீன் ஃபாதர் உங்களக் கூப்பிட்டிருக்காங்களாமே. நானும் வரட்டா? நானே எழுதினேன்னு சொல்லிர்றேன், உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிர்றேன்." தைரியமாகத்தான் சொன்னாள், குரல்தான் கடைசியில் எங்கோ போய்விட்டது. வேண்டாம் என்பதற்கு வினோலியா தலையைத்தான் ஆட்டினாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது, "பஸ்ஸ விட்றாத, போ" என்றுதான் வந்தது. பெண் போகவில்லை, வேப்பமரத்தடியில் போய் நின்றாள். அங்கே இன்னொரு பெண் பையோடு காத்திருந்தாள். இரண்டு பேரும் இந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விடைத்தாள் கட்டை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வினோலியா நடந்தாள். நீளமான வராண்டா, சுவரில் அந்தப் பட்டறை நாளில் ஒட்டின படம், பல நிறத்தில் கைகள், எல்லாருக்கும் இங்கே இடம் உண்டு என்று எழுதி, ஒரு மூலை பிய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் பழையபடி எழும்பியது. காய்ச்சல் உண்மை, அவசரம் உண்மை, நனைந்தது உண்மை. இன்னும் சொல்லலாம். கதவு வரைக்கும் அதைச் சொல்லலாம் என்றே இருந்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் ஃபாதர். அறை குளிர்ந்திருந்தது, நனைந்த இடம் சில்லென்று உடம்பில் ஒட்டிக்கொண்டது. அவள் உட்காரவில்லை. ஃபாதருக்கும் அவசரம்தான், சாயங்காலப் பூசை இருக்கிறது. "பாக்கலைன்னுதான சொல்லப் போறீங்க. எனக்குத் தெரியும், கைப்பிள்ளைக்காரி, எங்க பாத்திருக்கப் போறீங்க" என்று அவரே அவள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்தார். நுழைந்தால் போதும். "பாத்தேன் ஃபாதர்" என்று ஒரு குரல் சொன்னது. அவளுடையதுதான். "படிச்சுப் பாத்துட்டுத்தான் விட்டேன். மெதுவா வாசின்னு நான்தான் சொன்னேன்." ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். "அப்ப அந்தப் பிள்ளையக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆசிரியர் பாத்துச் சரின்னு சொன்னா அது ஆசிரியர் பொறுப்பு, அதான் நம்ம முறை. அவ அப்பாவைக் கூப்பிட வேண்டியதில்ல." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா மே மாசம் கமிட்டியில நான் ஒருத்தன் மட்டும் இல்லம்மா. தெரியும்ல?" "தெரியும் ஃபாதர்." எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் போகத் திரும்பினாள். அப்போது அவர், கொஞ்சம் சங்கடத்தோடு, கேட்டார். "என்னதான் எழுதியிருந்துச்சு அதுல? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுறாங்க. ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க." ஞாபகமா. அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதும் பிள்ளையைத் தட்டும்போதும் அதுதானே ஓடுகிறது. கைகளை மார்பின் குறுக்கே கட்டினபடியே சொல்லத் தொடங்கினாள். "யாரை நேசிக்கிறோம் என்று சொந்த வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகளுக்காக. பெண்ணை நேசிக்கும் பெண்களுக்காகவும் ஆணை நேசிக்கும் ஆண்களுக்காகவும். ஊர் சொல்லும் உடம்பு ஒன்றும் உள்ளே இருக்கும் ஆள் ஒன்றுமாய்த் தவிக்கிறவர்களுக்காகவும். அவர்கள் தூரத்தில் இல்லை, எங்கள் பெஞ்சில்தான் இருக்கிறார்கள் என்று நாங்கள் அறியவும், நகர்ந்து உட்கார்ந்து அவர்களுக்கு இடம் விடவும் வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." நிறுத்தினாள். ஏ.சி. ஓடுகிற சத்தம். ஃபாதரின் உதடுகள் அசைந்தன, எத்தனை வருஷப் பூசை, எத்தனை ஆயிரம் மன்றாட்டு, அவை தாமாக அசைந்தன; அசைந்ததைத் தெரிந்துகொண்டு அவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைத் திரும்பவும் கழற்றினார். பதில் வர வேண்டிய இடம் அந்த அறைக்குள் காலியாகக் கிடந்தது, மெத்தையைச் சுருட்டிக் கட்டின தெக்லாவின் கட்டிலைப் போல. ஒரு மன்றாட்டை அப்படிப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போக அவளுக்குப் பழக்கமில்லை. அந்த அறையில் வேறு யாரும் சொல்லப் போவதுமில்லை. "ஆண்டவரே," என்றாள் வினோலியா, தனியாக, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." மெதுவாகத்தான் சொன்னாள்.